செற்றி உறையின் காயாத விளிம்பு

அக்கா,

உன் செற்றி உறையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். நேற்று விடியக் கிணற்றடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டு, கடைசித் தண்ணீரில் நீலம் கலந்து அலசி, கொடியில் விரித்தேன். இந்த ஆவணி வெயிலுக்கு ஒரு சீலைத் துணி காய எவ்வளவு நேரம் வேண்டும்? கைப்பிடிப் பக்கம் காய்ந்தது, முதுகுப் பக்கம் காய்ந்தது, இருக்கிற இடமும் காய்ந்து மொரமொரத்துப் போயிற்று. அடிவிளிம்பு மட்டும் காயவில்லை. பின்னேரம் தொட்டுப் பார்த்தேன், ஈரம். இன்றைக்கு விடியத் தொட்டேன், இன்னும் ஈரம். நீலமும் ஈரச் சீலையும் கலந்த ஒரு வாசம் விரலில் ஒட்டிக்கொண்டது. உடுப்புத் தோய்த்துவிட்டு வந்து நீ சோறு போடும்போது உன் கையில் இருக்கும் அதே வாசம்.

ஏன் காயவில்லை என்பது இன்றைக்கு மத்தியானம்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேரே அதற்கு வர எனக்கு ஏலாது. "உவன் ஒரு கதை சொன்னால் கோப்பாய்க்குப் போறதுக்கு மானிப்பாயைச் சுத்துவான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நீதானே. உரும்பிராயிலிருந்து கோப்பாய்க்கு நடந்தே போகலாம். இன்றைக்கும் கொஞ்சம் சுற்ற விடு.

உன் முழங்கால் இரண்டும் போன வருசம் தைப்பொங்கலன்றுதான் கைவிட்டன. பானைக்கு முன்னால் குந்தியிருந்தாய். பால் பொங்கி வழிந்தது, எல்லாரும் எழும்பினோம், நீ எழும்பவில்லை. பக்திப் பரவசம் என்று நினைத்து நான் இன்னொரு தரம் தேங்காய் உடைக்கப் போனேன். பிறகுதான் பார்த்தால் கண்ணில் தண்ணீர். கிளினிக்கில் இருந்த டொக்டர் பொம்பிளைப் பிள்ளை எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இனி நிலத்திலை இருக்கக்கூடாது, குந்தக்கூடாது" என்றாள். அறுபத்தைந்து வருசமாக நிலத்தில் இருந்து காய் வெட்டி, நிலத்தில் இருந்து சாப்பிட்ட மனிசிக்கு இதைச் சொன்னால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றுக்குக் கால் வெடிப்பு. மற்றதில் இருந்தால் உனக்கு இடுப்பு நாரி பிடிக்கும்.

"வெங்காயக் காசு வந்தால் ஒரு நல்ல கதிரை வாங்குவம்" என்றேன்.

"கதிரை வேண்டாம். வாங்குறதெண்டால் செற்றி வாங்குவம்."

எங்கள் வீட்டுக்குச் சோபாச் செற்றி! நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"உறை போட்ட செற்றி. வெள்ளை உறை. கழட்டித் தோய்க்கிற மாதிரி. சுருக்கு வைச்சு நிலம் மட்டும் தொங்க வேணும். கால் தெரியக்கூடாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீ ரீச்சர் வீட்டுச் செற்றியைச் சொல்கிறாய் என்று. எங்கள் தகப்பன் அப்பு செத்துப்போனதும், அம்மா என்னைக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு தவித்ததும், பதினொரு வயதில் நீ அந்த மிஷன் பள்ளிக்கூட ரீச்சரின் வீட்டுக்கு வேலைக்குப் போனதும் எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் நீ சொல்லித்தான் தெரியும். எட்டு வருசம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வெள்ளை உறைகளைக் கழற்றித் துவைப்பாய். ஞாயிறு அவர்கள் பூசை முடிந்து வர முன்னம் மாட்டிவிட்டு, மெத்தைகளை உள்ளங்கையால் தட்டித் தட்டி எழுப்பி வைப்பாய். ரீச்சர் நல்ல மனிசி. அடித்ததில்லை, ஏசியதும் இல்லை. ஆனால் அந்தச் செற்றியில் நீ ஒருநாளும் இருந்ததில்லை. இருக்கச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. இருக்கலாம் என்று உனக்கும் தோன்றியதில்லை.

"ஒண்டே ஒண்டுதான் தம்பி, எனக்கு வேணும்" என்றாய். "நானாய் இருந்து நானாய் எழும்ப வேணும். ஆற்றையும் கையைப் பிடியாமல்."

வாழ்நாளில் அயலில் ஒரு சிரட்டை உப்புக்கூடக் கேளாத ஆள். நான் தலையாட்டினேன்.

வெங்காயம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பிறகு இதே கதைக்குத்தான் வரும். தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஓடத் தொடங்கினால் நான் தோட்டத்தை விட்டு அசைகிற ஆள் இல்லை. உனக்கு அது பெரிய கவலை. சோற்றைப் பார்சலாகக் கட்டித் தருவாய். பாதி நாள் அது பின்னேரம் அப்படியே திரும்பி வரும், புளித்துப்போய். அந்தப் பங்குனியில் ஒருநாள் உச்சி வெயிலில் வரப்பில் மயங்கி விழுந்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துச் சிவராசா தூக்கிக்கொண்டு வந்தான். நீ ஏசவில்லை. நாலு நாளைக்கு என்னோடு கதைக்கவும் இல்லை. அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை.

வெங்காயம் கிண்டி விற்ற கிழமையே யாழ்ப்பாண ரவுணுக்குப் போனோம். முதலாவது கடை கண்ணாடிச் சுவர் போட்ட கடை. உள்ளே குளிர். விலையைக் கேட்டுவிட்டு, குளிருக்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறார்கள் என்று வெளியே வந்தாய். அடுத்த கடையில் றெக்சின் போட்டவை வரிசையாக மினுங்கின.

"யாழ்ப்பாணத்து வேர்வைக்கு உதிலை இருந்தால், எழும்பேக்கை தோலும் உரிஞ்சு வரும்" என்றாய். விலை சொல்ல வந்த பெடியன் வாயை மூடிக்கொண்டான்.

கடைசியில் பழைய தளபாடக் கடை. ஆரோ கனடாவுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன ஒரு மூன்று பேர் செற்றி மூலையில் கிடந்தது. துணி கிழிந்து, மண்ணிறத்தில், பார்க்க ஒரு சீக்கு மாடு படுத்திருப்பது போல. நீ குனிந்து அடியைத் தட்டிப் பார்த்தாய். சட்டத்தை ஆட்டிப் பார்த்தாய்.

"சட்டம் நல்ல மரம். உறுதியாய் நிக்குது. கிழிஞ்சது மேல்துணிதானே, நாங்கள் உறை போடப்போறம். புதுசுக்குக் குடுக்கிற காசிலை பாதியும் வேண்டாம். மிச்சத்துக்கு உறைக்கு நல்ல சீலைத் துணி எடுக்கலாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு கெட்டித்தனமாக ஒருவரும் செற்றி தெரிவுசெய்ததில்லை என்று நினைத்தேன்.

"இருந்து பாருங்கோ அம்மா" என்றார் முதலாளி.

"வேண்டாம் தம்பி. கை வைச்சுப் பாத்தால் காணும்."

நீ உள்ளங்கையை விரித்து மெத்தையில் அழுத்தினாய். விட்டாய். இன்னொரு தரம் அழுத்தினாய். உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பஞ்சு மாதிரி" என்றாய். முதலாளி என்னைப் பார்த்து, "நீங்களாவது இருந்து பாருங்கோ அண்ணை" என்றார். நான் தோட்டத்தில் கட்டுகிற சாரத்தோடு போயிருந்தேன். பின்பக்கம் செம்மண். இருந்தால் அடையாளம் விழுந்துவிடும் என்று வெட்கப்பட்டு, "பிறகு பாப்பம்" என்றேன். அப்படியாக, செற்றி வாங்கப் போன இரண்டு பேரும் நின்றுகொண்டே வாங்கினோம். உனக்குச் செற்றியைக் கையால்தான் தெரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சிவராசாவின் லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்த லான்ட்மாஸ்டருக்குப் பிரேக் இல்லை. நிற்க வேண்டும் என்றால் ஏதாவது மண்மேட்டில் ஏற்ற வேண்டும். அது வேறு கதை, விடு. சிவராசா பகிடியாகக் கேட்டான்: "அக்கை, செற்றியிலை ஏறி இருங்கோவன். இராசாத்தி மாதிரி ஊருக்குள்ளை போவம்."

"உனக்கு விசரோ? சனம் சிரிக்கும்."

நீ பெட்டியின் தகட்டில், நிலத்தில் இருப்பது போல இருந்து, செற்றி ஆடாமல் அதன் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாய். டொக்டர் வேண்டாம் என்ற அதே இருப்பு. அன்றைக்காவது ஏறி இருந்திருக்கலாம். இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

உறை தைக்கக் குருநகரிலிருந்து திரேசா வந்தாள். தேவாலயத்துத் திரைச்சீலையிலிருந்து வள்ளத்துத் தறப்பாள் வரைக்கும் தைக்கிற மனிசி. வாய் ஊசியை விடக் கூர். நீ எடுத்து வைத்திருந்த தயிர் நிறச் சீலையைப் பார்த்துவிட்டு, "உரும்பிராய்ச் செம்மண்ணுக்கு வெள்ளையோ அக்கா? செங்கல் நிறம் எடுத்திருந்தால் வருசத்துக்கு ஒருக்காத் தோய்க்கலாம்" என்றாள்.

"நான் கிழமைக்கு ஒருக்காத் தோய்ப்பன்" என்றாய். "தோய்க்கப் பழகின கைதான்."

சீலையைக் கிணற்றடியில் நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டினாள். முதலே சுருங்கிவிட்டால் பிறகு சுருங்காதாம். நீ பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, கீழ்ச் சுருக்கு நிலத்தை மட்டுமட்டாகத் தொடுகிறதா என்று மூன்று தரம் அளக்க வைத்தாய். உறையை மாட்டியபோது சீக்கு மாடு எங்கேயோ போய்விட்டது. வீட்டுக்குள் ஒரு வெள்ளை வெளிச்சம். எங்கள் தகரக் கூரைக்கும் அதற்கும் கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆனால் வடிவு.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு முதல்முதலாக அதில் இருந்தாய். அப்படியே மெத்தைக்குள்ளே போனாய். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் வைத்துச் சீலையைத் தடவிக்கொண்டே இருந்தாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். ரீச்சர் அந்த நேரம் வந்திருந்தால், நீ அவரை வாருங்கோ, இருங்கோ என்று சொல்லியிருப்பாய். அப்படி ஒரு இருப்பு.

கொஞ்ச நேரத்தால் கூப்பிட்டாய்.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வா. உது என்னை விடுதில்லை."

நீ முன்னுக்குச் சரிந்தாய், பின்னுக்கு விழுந்தாய். கைப்பிடியை ஊன்றினாய், அதுவும் மெத்தை, கை புதைந்தது. நிலத்தோடு தாழ்ந்த பதிவான செற்றி, ஆழமான செற்றி, பஞ்சு போன்ற செற்றி. அதில் இருக்க எல்லாராலும் ஏலும். எழும்ப நல்ல முழங்கால் வேண்டும். நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு, "ஒண்டு... ரெண்டு..." என்று எண்ணி, மூன்று சொல்ல முன்னமே எழும்பினாய். சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நானாய் எழும்ப வேணும் என்று கேட்டவள். அந்த ஒன்றுதான் உன் செற்றியில் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் சீவியம் அந்தச் செற்றியைச் சுற்றித்தான். காலையில் சமையல் முடித்து நீ பத்து மணிக்கு இருப்பாய். நான் பன்னிரண்டுக்கு மோட்டரை நிறுத்திவிட்டு வந்து எழுப்ப வேண்டும். பின்னேரம் இன்னொரு தரம். புறுபுறுத்துக்கொண்டுதான் வருவேன், மறைக்கவில்லை. பாத்தி பாதியில் நிற்கும். "என்ன அக்கா, என்னை இழுத்து இழுத்து வேலை வாங்கிறாய்" என்பேன். எழும்பி நேரே அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டு வைப்பாய். வந்தது வந்தேன் என்று நானும் தின்றுவிட்டுப் போவேன்.

போன ஆவணியில் மிளகாய் நனைந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் திருநெல்வேலிச் சந்தையில் கதையில் நின்றுவிட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் முற்றத்தில் பாயோடு மிளகாய் மழையில் மிதக்கிறது. நீ யன்னலுக்கு நேரே செற்றியில் இருக்கிறாய்.

"முதல் துளி விழேக்கையே கண்டிட்டன்" என்றாய். "பாத்துக்கொண்டே இருந்தன். வேறை என்ன செய்ய?"

உன் கன்னம் காய்ந்திருந்தது. அழுது முடித்த காய்வு. எனக்கு என் மேல் வந்த கோபத்தைச் செற்றி மேல் காட்டினேன். "உந்தச் செற்றியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ளை போடுறனோ இல்லையோ பார்!"

"போடுறதெண்டால் உறையைக் கழட்டிப்போட்டுப் போடு" என்றாய்.

அடுத்த நாளே தச்சு வேலை ஆசாரியாரைக் கூட்டிவந்தேன். அவர் கால்களைப் பார்த்துவிட்டு, "நாலு பனங்கட்டை வைச்சு நாலு விரற்கடை உயர்த்தினால் போதும். அரை நாள் வேலை" என்றார். எனக்குச் சம்மதம். நீதான் விடவில்லை.

"உயர்த்தினால் உறை நிலத்தைத் தொடாது. கீழாலை கால் தெரியும். பாவாடை கட்டையாய்ப் போன பொம்பிளை மாதிரி நிக்கும். எனக்கு வேண்டாம்."

"அப்ப எழும்புறது?"

"நீ இருக்கிறாய்தானே."

வீம்பு என்று நினைத்தேன். எட்டு வருசம் துவைத்த அந்த வெள்ளை உறையின் வடிவுக்காக, எழும்பி நடக்கிற மானத்தை விட்டுக்கொடுக்கிறாளே என்று நினைத்தேன். கேட்கவும் தெரியவில்லை, மீறிச் செய்யவும் தெரியவில்லை. ஆசாரியாருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மாசியில் ஒரு காலை உனக்கு மூச்சு இழுத்தது. ஓட்டோ வாசலில் நின்றது. நான் கையை நீட்ட, "ஒண்டு... ரெண்டு..." என்றாய், எழும்பினாய். அன்றைக்கு உன் பாரம் முழுவதும் என் கையில் வந்தது. மற்ற நாட்களில் அப்படி இல்லை. அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் யோசிக்க நேரம் இருக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள். பிறகு பிரேதமாக வந்த உன்னை வீட்டு நடுவில் வளர்த்திக் கிடத்த இடம் வேண்டும் என்று, செற்றியைத் தூக்கிக் கொட்டிலுக்குள் வைத்தார்கள். வந்த சனம் வாடகைக் கதிரைகளில் இருந்தது. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன்னம் அயல் பெண்கள் வீட்டில் இருந்த துணி எல்லாம் துவைத்தார்கள். உறையை மட்டும் அலுமாரிக்குள் ஒளித்து வைத்தேன். உன் கையின் எண்ணெய் அடையாளம் கைப்பிடியில் இருந்தது. ஆறு மாதம் வைத்திருந்தேன். முந்தநாள் திறந்தால் பூஞ்சணம். இனி என்ன செய்வது, துவைத்தேன்.

இப்போது விளிம்புக்கு வருகிறேன். இன்றைக்கு மத்தியானம் அந்தக் காயாத விளிம்பைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே சீலை மடித்துத் தைத்திருந்தது. அந்தத் தடிப்புத்தான் காயவிடவில்லை. விரலை வைத்து அளந்தேன். நாலு விரற்கடை. சுற்றிவர, எல்லாப் பக்கமும்.

திரேசாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் அண்ணை, நான்தான் மடிச்சு விட்டனான். பேந்து தேவைப்பட்டால் அவிட்டு இறக்கலாம் எண்டு. அக்காவுக்குத் தெரியுமே."

"தெரியுமோ?"

"முதல் கிழமையே அவா எனக்குப் போன் எடுத்தவா. 'செற்றி பதிவாய்ப் போச்சு திரேசா, எழும்ப ஏலாமல் கிடக்கு' எண்டு. கட்டையை வைச்சு உயர்த்துங்கோ, நான் வந்து மடிப்பை இறக்கித் தாறன் எண்டன். 'ஓம் வா' எண்டவா. ரெண்டு கிழமையாலை நான் வெளிக்கிட, வேண்டாம் எண்டிட்டா."

"ஏன்?"

அவளுக்குப் பின்னால் ஆரோ மீன் விலை கேட்டுச் சத்தம் போட்டார்கள்.

"'அவன் இப்ப மத்தியானத்திலை வீட்டை வாறான் திரேசா. என்னை எழுப்ப எண்டு வந்து, வந்த கையோடை சுடச்சுடச் சாப்பிட்டிட்டுப் போறான். கட்டையை வைச்சால் பேந்து வரமாட்டான். செற்றி பதிவாயே கிடக்கட்டும். அவனிட்டைச் சொல்லிப்போடாதை' எண்டவா. நான் சொல்லேல்லை. இப்ப நீங்கள் கேட்டபடியால்..."

போனை வைத்துவிட்டுக் கொடியடியில் நின்றேன். மிளகாய் நனைந்த அன்றைக்கும் நீ இதைச் சொல்லவில்லை. கிணற்றில் போடப்போகிறேன் என்று கத்தினேன், அப்போதும் சொல்லவில்லை. நானாய் எழும்ப வேணும் என்று கேட்டவள், நாலு விரற்கடைச் சீலையை மடித்து வைத்துக்கொண்டு, என் புறுபுறுப்பையும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும் என் கையைப் பிடித்தாய். மற்ற நாட்களில் உன் பாரம் ஏன் பாதிதான் வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். முயன்றிருந்தால் எழும்பியிருப்பாயோ? தெரியவில்லை. உன்னைக் கேட்க வேண்டும். கேட்க ஏலாது. இதுதான் எனக்கு இப்போது பெரிய கரைச்சல் அக்கா, ஏசுவதற்கும் ஆள் இல்லை, கும்பிடுவதற்கும் ஆள் இல்லை.

அப்போது மணியைப் பார்த்தேன். பன்னிரண்டரை. உறை விளிம்பைப் பார்க்க என்று நான் தோட்டத்திலிருந்து வரவில்லை. சும்மா வந்தேன். நீ போன பிறகும் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டுக்கு மோட்டரை நிறுத்துகிறேன், வருகிறேன். கொட்டிலில் கிடந்த செற்றியை யன்னலுக்கு நேரே திருப்பிப் போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் நிற்பேன். பிறகு சோற்றைப் போட்டுத் தின்பேன். இந்த வருசம் பங்குனி வெயிலும் போயிற்று. நான் விழவில்லை.

மடிப்பை அவிழ்க்கலாமென்று கத்தரிக்கோலை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். ஈரத்தோடேயே உறையை மாட்டப் பார்த்தேன். ஒருவர் மெத்தையைத் தூக்க, மற்றவர் இழுக்க வேண்டும், நாங்கள் அப்படித்தானே மாட்டுவோம். தனியாக இழுத்ததில் வலது பக்கம் ஏறிவிட்டது, இடது மூலை ஏறவில்லை. இழுத்து இழுத்துக் களைத்துப்போய் அதிலேயே இருந்துவிட்டேன். எழும்ப நேரம் எடுத்தது. எனக்கும் முழங்கால் தொடங்குகிறது.

இடது மூலை அப்படியே கிடக்கிறது, செற்றியின் கால் ஒன்று வெளியே தெரிய. உனக்குப் பிடிக்காது என்று தெரியும். நாளைக்கு மத்தியானம் சோறு தின்ன வரும்போது இன்னொருக்கா இழுத்துப் பார்க்கிறேன்.

உன் தம்பி